மெஷினிங் லைனில் எண்ணிக்கை வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி, வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் யூனிட்களில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஒரே சிக்கலுக்காகத்தான். ஆறு மெஷின் வரிசையாக இருக்கும். ஆறும் ஓடும். ஷிஃப்ட் முடிவில் போர்டில் எழுதுகிற எண்ணிக்கை மட்டும் டார்கெட்டைத் தொடாது. உடனே முதலாளி கேட்பார்: "இன்னொரு வி.எம்.சி. போட்டுடலாமா சார்?" (வி.எம்.சி. என்பது நிமிர்ந்த ஸ்பிண்டிலோடு டிரில்லிங், மில்லிங் செய்யும் கம்ப்யூட்டர் மெஷின்.) போடலாம். ஆனால் அது கடைசியில் யோசிக்க வேண்டியது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் லைனில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் கீழே உள்ள ஒரு மணி நேர வேலையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில்: ஸ்டாப்வாட்ச், ஒரு பேப்பர், ஒரு மணி நேரம்

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பீஸ் வெளியே வந்ததிலிருந்து அடுத்த பீஸ் வெளியே வரும்வரை ஆகும் நேரத்தைப் பத்து முறை எடுங்கள். கன்ட்ரோலர் திரையில் தெரியும் சைக்கிள் டைமை நம்ப வேண்டாம். அது பட்டன் அழுத்தியதில் தொடங்கி புரோகிராம் முடிவதில் நின்றுவிடும். கதவைத் திறப்பது, சிப் ஊதுவது, பீஸை எடுப்பது, புதியதை வைப்பது எதுவும் அதில் இருக்காது. பத்தில் ஆகக் குறைந்ததை எடுக்காமல் நடுவில் வருவதை எடுங்கள்.

ஆபரேட்டரிடம் ஏன் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். "அண்ணா, உங்களை இல்ல, மெஷினைத்தான் பார்க்கறேன்" என்று சொன்னால் போதும். சொல்லாமல் நின்றால் ஒருவர் வேகமாக ஓட்டிக் காட்டுவார், இன்னொருவர் வேண்டுமென்றே இழுப்பார். இரண்டும் உதவாது.

இனி ஒரு கணக்கு. இரு சக்கர வண்டிக்கான அலுமினிய ஹவுசிங் லைன் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம் (ஆப் என்பது ஆபரேஷன், வேலையின் ஒரு படி):

ஆப் 10, சி.என்.சி. டர்னிங்: 58 வினாடி
ஆப் 20, வி.எம்.சி., முதல் பக்கம்: 74 வினாடி
ஆப் 30, வி.எம்.சி., மறு பக்கம்: 49 வினாடி
ஆப் 40, டிபர்ரிங் (வெட்டிய ஓரத்துப் பிசிறான பர்ரை எடுப்பது): 45 வினாடி
ஆப் 50, வாஷிங்: 38 வினாடி
ஆப் 60, லீக் டெஸ்ட், இன்ஸ்பெக்‌ஷன்: 52 வினாடி

எட்டு மணி நேர ஷிஃப்டில் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, டீக்கு இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம் போனால் மிஞ்சுவது 430 நிமிடம், அதாவது 25,800 வினாடி. கஸ்டமருக்கு ஷிஃப்டுக்கு 400 பீஸ் வேண்டும் என்றால் ஒரு பீஸுக்கு 64.5 வினாடி.

இந்த 64.5-ஐ இலக்காக வைத்து லைனைச் சமன் செய்பவர்கள், அதாவது வேலையை மெஷின்களுக்குச் சமமாகப் பிரிப்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் தவறு. எந்த லைனும் நிற்காமல் ஓடாது. இப்போது ஷிஃப்டுக்கு 300 பீஸ் வருகிறது என்றால், 300 முறை 74 வினாடி, 22,200 வினாடி. 25,800-ல் அது 86 சதவீதம். மீதி 14 சதவீதம் டூல் மாற்றுவதிலும் அலாரத்திலும் போகிறது. ஆகவே உண்மையான இலக்கு 64.5-ல் 86 சதவீதம், சுமார் 55 வினாடி. ஆறு ஸ்டேஷனும் 55-க்குள் வந்தால்தான் 400 வரும். இந்த 55-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

அறிகுறி 1: ஒரு மெஷின் முன்னால் பீஸ் குவிகிறது, அடுத்த மெஷின் சும்மா நிற்கிறது

காலை, மதியம், ஷிஃப்ட் முடிவு என மூன்று நேரத்தில் குவியலைப் பாருங்கள்.

குவியல் வேறு வேறு இடத்துக்கு மாறினால் சமன் செய்வது உங்கள் பிரச்சினை அல்ல. அறிகுறி 2-க்குப் போங்கள்.

எப்போதும் அதே மெஷின் முன்னால் என்றால் (நம் உதாரணத்தில் ஆப் 20) இந்த வரிசையில் பாருங்கள்.

*காசு செலவில்லாதது: காற்றை வெட்டும் நேரம்*

ஆப் 20-ல் நின்று கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். டூல் பீஸைத் தொடும் சத்தம் வராத நேரமெல்லாம் வீண். ஒரு லைனில் பாலக்கோடு பக்கமிருந்து வந்த ஐ.டி.ஐ. பையன் ஒருவன் இதை என்னைவிட அழகாகச் சொன்னான்: "சார், டிரில் ஓட்டைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சிட்டு வருது." போய்ப் பார்த்தால் டிரில்லிங் சைக்கிளில் ஆர் மதிப்பு பீஸுக்கு மேலே 10 மி.மீ. உயரத்தில் இருந்தது. அங்கிருந்தே டிரில் ஃபீட் (வெட்டும்போது டூல் நகரும்) வேகத்தில் இறங்க ஆரம்பிக்கும். ஃபீட் நிமிடத்துக்கு 300 மி.மீ., அதாவது வினாடிக்கு 5 மி.மீ. ஆரை 2 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் ஓர் ஓட்டைக்கு 8 மி.மீ. மிச்சம், 1.6 வினாடி. ஆறு ஓட்டைக்கு 9.6 வினாடி. 74 ஏறக்குறைய 64 ஆகிவிட்டது, ஐந்து நிமிட வேலையில்.

ஆனால் காஸ்டிங்கின் மேல்பரப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ரஃப் பரப்பில் 2 மி.மீ. போதாமல் போகலாம், ஃபிக்ஸர் (பீஸைப் பிடித்து வைக்கும் அமைப்பு) கிளாம்ப் குறுக்கே வரலாம். முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில் (புரோகிராமை ஒவ்வொரு வரியாக), ரேப்பிடை, அதாவது வெட்டாமல் நகரும் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.

இதே கையோடு பார்க்க வேண்டியவை: தேவையில்லாத ஜி04 டுவெல் (டூல் அங்கேயே நின்று காத்திருப்பது), ஆழமில்லாத ஓட்டைக்கும் ஒவ்வொரு முறையும் முழுதாக மேலே வந்து போகும் ஜி83 (சிப் நன்றாக உடைந்தால் கொஞ்சம் மட்டும் பின்வாங்கும் ஜி73 போதும்), ஒரே டூலை ஒரு சைக்கிளில் இரண்டு முறை எடுப்பது, டூல் மாற்றும்போது இசட் அச்சு அவசியமில்லாமல் உச்சிக்குப் போவது.

*காசு செலவில்லாதது: கை வேலை*

மெஷின் நின்றிருக்கும்போது ஆபரேட்டர் எதைச் செய்கிறாரோ அதை எழுதுங்கள். கேஜ் போடுவது, பர் எடுப்பது, பீஸை டிரேயில் அடுக்குவது எல்லாம் மெஷின் ஓடும்போது செய்ய வேண்டியவை. மெஷின் நிற்கும்போது செய்ய வேண்டியது பழைய பீஸை எடுத்து, ரெஸ்ட் பேடை ஊதி, புதியதை வைப்பது மட்டும்தான்.

*கொஞ்சம் யோசனை வேண்டியது: வேலையை அடுத்த மெஷினுக்கு மாற்றுவது*

அசெம்பிளி லைனில் ஒரு போல்ட் முடுக்குவதை இந்த ஆளிடமிருந்து அந்த ஆளுக்கு மாற்றிவிடலாம். மெஷினிங்கில் அப்படி முடியாது. எதை மாற்றலாம் என்பதை டிராயிங்தான் சொல்ல வேண்டும்.

மாற்றலாம்: எம்6 போல்ட் தாராளமாகப் போகும் 6.6 மி.மீ. த்ரூ ஓட்டை போன்றவை. இரண்டு பக்கத்திலிருந்தும் டூல் போகும், பொசிஷன் டாலரன்ஸ் தாராளம்.

மாற்றக் கூடாது: போரும் (துல்லியமான பெரிய ஓட்டை) அதிலிருந்து அளவு காட்டும் டவல் ஓட்டைகளும் (பொருத்து முள் உட்காருபவை). இவை ஒரே கிளாம்பிங்கில் (ஒரே பிடிப்பில்) முடிய வேண்டும்.

சேர்க்கவும் கூடாது: கனமான ரஃபிங்கைக் கொண்டுவந்து ஃபினிஷ் போரிங் இருக்கும் அதே கிளாம்பிங்கில் வைப்பது. நேரம் சமன் ஆகும். சூடும் கிளாம்ப் அழுத்தமும் சேர்ந்து போர் வட்டமாக இருக்காது.

நம் உதாரணத்தில் 6.6 ஓட்டைகள் எல்லாவற்றையும், டிரில்லோடு சேர்த்து, ஆப் 30-க்கு மாற்றினால் ஆப் 20 சுமார் 55, ஆப் 30 சுமார் 58. பாதி ஓட்டையை மட்டும் மாற்றாதீர்கள். டிரில் இரண்டு மெஷினிலும் இருக்க வேண்டி வரும், டூல் மாற்றும் நேரமும் இரண்டு இடத்தில் விழும்.

ஆப் 30-லும் காற்று வெட்டைத் தேடினால் நான்கு வினாடி கிடைக்கும், 54. இப்போது ஆகப் பெரியது எது? ஆப் 10, 58 வினாடி. முதல் நாள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குவியல் அங்கே நகர்ந்து வந்து நிற்கும். அதை 55-க்குக் கொண்டுவந்தால் லைன் முடிந்தது: 25,800-ஐ 55-ஆல் வகுத்து, 86 சதவீதம் போட்டால் 403.

*செலவு தொடங்கும் இடம்: கட்டிங் வேகம்*

எல்லோரும் இதைத்தான் முதலில் செய்வார்கள், நான் நான்காவதாக வைத்திருக்கிறேன். கார்பைடு இன்சர்ட்டில் கட்டிங் ஸ்பீடை 20 சதவீதம் கூட்டினால் டூல் ஆயுள் சுமார் பாதியாகிவிடும். ஃபீடைக் கூட்டுவது ஆயுளை அவ்வளவு தின்னாது, ஆனால் சர்ஃபேஸ் ஃபினிஷ் பார்க்க வேண்டும். ஆகவே ரஃபிங்கில் ஃபீடைக் கூட்டுங்கள், ஃபினிஷிங்கைத் தொடாதீர்கள். இன்னொன்று: இடைஞ்சலான மெஷினில் (ஆக அதிக நேரம் எடுத்து லைனையே இழுத்துப் பிடிப்பது) மட்டும் கூட்டுங்கள். 38 வினாடியில் முடிகிற ஸ்டேஷனை 34 ஆக்கினால் அது சும்மா நிற்கும் நேரம்தான் கூடும்.

*இன்னும் செலவு: சேர்ப்பு டூல், பிறகு இணை மெஷின்*

டிரில்லையும் சாம்ஃபரையும் (ஓட்டையின் விளிம்பைச் சரிவாக வெட்டுவது) ஒரே ஸ்டெப் டிரில்லில் சேர்த்தால் ஒரு டூல் மாற்றம் மிச்சம். விலையும் ரீகிரைண்டிங்கும் அதிகம், கையிருப்பு இரண்டாவது வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் 55 வரவில்லை என்றால் அதே ஆபரேஷனுக்கு இரண்டாவது மெஷின். போட்டால், எந்த பீஸ் எந்த மெஷினில் வந்தது என்று தெரிய ஒரு புள்ளி அடையாளம் வையுங்கள். இரண்டு ஃபிக்ஸரும் ஒரே மாதிரி இருக்காது. ரீஜெக்‌ஷன் வரும் நாளில் இந்தப் புள்ளி காப்பாற்றும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* டூல் மாற்றம் முன்பைவிட மெதுவாகிவிட்டது, டரட் (டூல்களைத் தாங்கிச் சுழலும் தலை) கிளாம்ப் ஆகத் திணறுகிறது, ஸ்பிண்டில் சத்தம் மாறிவிட்டது என்றால் புரோகிராமில் தேடாதீர்கள். மெஷின் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். டரட்டைக் கழற்றுவது செட்டர் வேலை அல்ல.

அறிகுறி 2: நேரமெல்லாம் சமமாக இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் வரவில்லை

இங்கே சைக்கிள் டைம் குற்றவாளி அல்ல, சின்னச் சின்ன நிறுத்தங்கள்தான். இரண்டு நிமிட நிறுத்தத்தை யாரும் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு தாளும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டு, மூன்று ஷிஃப்டுக்கு, நின்றால் ஒரு கோடு, காரணம் ஒரு சொல் என்று எழுதச் சொல்லுங்கள். அழகான படிவம் அடிக்க வேண்டாம். அடித்தால் ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து ஒரே கையெழுத்தில் நிரப்பிவிடுவார்கள்.

தாளில் அதிகம் வருவது எது என்று பார்த்துப் பிரியுங்கள்:

*"ஏர் லோ" என்று வந்தால்:* கம்ப்ரஸரைக் குறை சொல்லும் முன் ஏர் கன்னைப் பாருங்கள். ஒரு யூனிட்டில் தினமும் அதே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், இரண்டு வி.எம்.சி.யும் அலாரம் அடித்து நிற்கும். சாப்பிடப் போகும் முன் எல்லோரும் மெஷினையும் சட்டையையும் ஒன்றாக ஊதுகிறார்கள். லைனில் அழுத்தம் இறங்கி பிரஷர் சுவிட்ச் விழுகிறது. சட்டையை ஊதுவதே ஆபத்தான பழக்கம், அதை நிறுத்துங்கள். ஏர் கன் லைனைத் தனியாகப் பிரித்து, மெஷின் பக்கம் ஒரு ரிசீவர் டேங்க் வைத்தால் முடிந்தது.

*"சிப்" என்று வந்தால்:* அலுமினியம் நூலாகச் சுற்றிக்கொள்கிறது. ஃபீடைச் சற்றுக் கூட்டுங்கள், சிப் பிரேக்கர் உள்ள இன்சர்ட் மாற்றுங்கள், கூலன்ட் நுனி டூலைப் பார்த்து நிற்கிறதா என்று பாருங்கள்.

*"டூல் மாத்தறது" என்று வந்தால்:* நான்கு டூலுக்கு நான்கு ஆயுள், 120, 150, 200, 260 என்று இருந்தால் லைன் நான்கு தடவை நிற்கும். 120-ல் முதலாவதும் இரண்டாவதும், 200-ல் மூன்றாவதும் நான்காவதும் என்று சேர்த்து மாற்றுங்கள். இன்சர்ட்டில் கொஞ்சம் ஆயுள் வீணாகும். இடைஞ்சலான மெஷினில் ஆறு நிமிடம் நிற்பதைவிட அது மலிவு. அடுத்த டூலை ஹோல்டரில் கட்டி, நீளம் அளந்து தயாராக வைத்திருப்பது அதைவிட முக்கியம்.

*காரணம் ஒன்றும் இல்லை, "பீஸ் இல்லை" என்றுதான் வருகிறது என்றால்:* இடைஞ்சலான மெஷினுக்கு முன்னால் கையிருப்பு இல்லை. எவ்வளவு வைப்பது? பக்கத்து மெஷின் வழக்கமாக நிற்கும் நேரத்தை எடுங்கள். ஆறு நிமிடம், 360 வினாடி. 55-ஆல் வகுத்தால் ஆறரை. ஏழு பீஸ் போதும். இடைஞ்சலான மெஷினுக்குப் பின்னால் ஏழு இடம் காலியாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் நிற்கும்போது இவரும் நிற்பார். எல்லா மெஷினுக்கும் நடுவில் ஐம்பது ஐம்பதாக அடுக்குவது வேண்டாம். ரீஜெக்‌ஷன் கண்டுபிடிப்பதற்குள் ஐம்பதும் கெட்டிருக்கும்.

டீ நேரத்தில் இடைஞ்சலான மெஷினை மட்டும் நிறுத்தாமல் மாற்று ஆள் போட்டு ஓட்டுங்கள். 20 நிமிடத்துக்கு 20 பீஸுக்கு அருகில் கிடைக்கும்.

அறிகுறி 3: சமன் செய்த பிறகு ரீஜெக்‌ஷன் ஏறிவிட்டது

இது என் சொந்தத் தவறு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லைனில் ஆப் 20-லிருந்து ஆப் 30-க்கு 11 வினாடி மாற்றினேன். நேரம் அழகாகச் சமமானது. போர்டில் எண்ணிக்கை ஏறியது, எல்லோரும் கை கொடுத்தார்கள். நான்காம் நாள் கஸ்டமர் இடத்தில் அசெம்பிளியில் பீஸ் உட்காரவில்லை என்று டப்பா டப்பாவாகத் திரும்பி வந்தது. நான் மாற்றியதில் ஒரு டவல் ஓட்டையும் இருந்தது. போர் ஒரு கிளாம்பிங்கில், டவல் இன்னொரு கிளாம்பிங்கில். டாலரன்ஸ் 0.05 மி.மீ., வந்தது 0.08. ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாகப் பார்த்தால் பீஸ் சரி. எங்களிடம் இருந்த பிளக் கேஜ் ஓட்டையின் விட்டத்தைத்தான் பார்த்தது, இடத்தை அல்ல. அதனால் எங்கள் கண்ணில் படவே இல்லை.

ஆகவே வரிசை இது:

முதலில், மாற்றியதைப் பழைய இடத்துக்கே திருப்பி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ரீஜெக்‌ஷன் இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. இறங்காவிட்டால் சமன் செய்ததில் குற்றம் இல்லை, அதே வாரத்தில் மாறிய வேறு எதையாவது (காஸ்டிங் லாட், இன்சர்ட் கிரேடு) தேடுங்கள்.

இறங்கியது என்றால், டிராயிங்கில் அந்த அளவு எந்த டேட்டத்திலிருந்து (அளவு தொடங்கும் அடிப்படை இடம்) போகிறது என்று பாருங்கள். டேட்டம் வேறு கிளாம்பிங்கில் இருந்தால் ஓட்டையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதற்குப் பதிலாக டேட்டம் தேவையில்லாத வேறு வேலையை மாற்றுங்கள்.

டேட்டம் சரி, இருந்தும் அளவு ஆடுகிறது என்றால் ரெஸ்ட் பேடில் சிப், தேய்ந்த லொக்கேட்டிங் பின், கிளாம்ப் அழுத்தம் என்று பாருங்கள். பின் தேய்வை நகத்தால் தடவினாலே தெரியும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* பீஸைக் கிளாம்ப் செய்ததும் அளவு ஒன்று, தளர்த்தியதும் வேறு என்றால் பீஸ் வளைகிறது. ஃபிக்ஸர் டிசைன் செய்பவரிடம் போங்கள். ஷிம் வைத்துச் சரி செய்ய முயன்ற யாரும் மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை. உங்களிடம் சி.எம்.எம். (பீஸை மூன்று அச்சிலும் அளக்கும் மெஷின்) இல்லாவிட்டால் வெளியில் அளக்கக் கொடுங்கள். முதல் 5 பீஸ், நடுவில் 5, கடைசி 5 கொடுங்கள், ஒரே ஒரு பீஸை மட்டும் அனுப்பாதீர்கள்.

அறிகுறி 4: காலை ஷிஃப்டின் முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் சரிவு

ஓசூரின் குளிர் பெங்களூருக்குப் பக்கத்துக் குளிர். டிசம்பர், ஜனவரியில் ஆறு மணி ஷிஃப்டுக்கு ஸ்பிண்டில் சில்லென்று இருக்கும், முதல் பீஸ்கள் ஒரு அளவு, எட்டு மணிக்கு வேறு அளவு. ஆபரேட்டர் ஆஃப்செட்டை, அதாவது மெஷினில் போடும் அளவுத் திருத்தத்தைத் துரத்திக்கொண்டே இருப்பார். ஷிஃப்டுக்கு முன் 15 நிமிடம் வார்ம்-அப் புரோகிராம் ஓட ஒருவரை வரச் சொல்லுங்கள். பீஸைச் சூட்டோடு அளக்காதீர்கள்: 80 மி.மீ. அலுமினிய போர், 10 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 18 மைக்ரான் மாறும்.

வெயில் காலத்திலும் இதே சரிவு என்றால் காரணம் குளிர் அல்ல, பஸ். ராயக்கோட்டை பக்கமிருந்து வரும் வண்டி பத்து நிமிடம் தாமதம், அதில் வருபவர் ஆப் 10-ல் நிற்பவர். இரவு ஷிஃப்ட் போகும்போது ஒவ்வொரு ஸ்டேஷன் முன்னாலும் பத்து பீஸ் விட்டுப் போனால் லைன் அவருக்காகக் காத்திருக்காது.

அறிகுறி 5: ஒருவர் இரண்டு மூன்று மெஷின் பார்க்கிறார், மெஷின்கள் வேலை முடிந்து காத்திருக்கின்றன

ஒரு கணக்கு போதும். லோடிங், அன்லோடிங் 18 வினாடி, கேஜ் 8, பர் எடுப்பது 6, நடை 4. ஒரு மெஷினுக்கு ஆளின் நேரம் 36. மெஷின் தானாக ஓடுவது 60, லோடிங் சேர்த்து 78. இரண்டு மெஷினுக்கு ஆளுக்கு 72, மெஷினுக்கு 78. சரி, நடக்கும். மூன்று மெஷின் என்றால் 108. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மெஷினும் 30 வினாடி சும்மா நிற்கும்.

கேஜை ஐந்து பீஸுக்கு ஒன்று என்று குறைத்தாலும் (கஸ்டமரின் கன்ட்ரோல் பிளான் அனுமதித்தால் மட்டும்) 90-க்கு அருகில்தான் வரும். மூன்றாவது மெஷினை வேறு ஆளிடம் கொடுங்கள். மெஷின்களை யு வடிவில் திருப்பிப் போட்டால் நடை குறையும், ஆனால் ஃபவுண்டேஷன், லெவலிங், ஏர், கரன்ட் எல்லாம் மாறும். அதற்கு முன் டிரேயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். தரையில் குனிந்து எடுப்பதில் போகும் நேரம் ஆச்சரியமாக இருக்கும்.

அறிகுறி 6: மாடல் மாற்றும் நாளில் மட்டும் எண்ணிக்கை விழுகிறது

பழைய மாடலின் கடைசி நல்ல பீஸிலிருந்து புது மாடலின் முதல் நல்ல பீஸ் வரை அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஃபிக்ஸர் மாற்றுவதைவிட, முதல் பீஸ் அப்ரூவலுக்குக் குவாலிட்டி அறை வாசலில் டிரேயோடு நிற்கும் நேரம்தான் அதிகம். அதற்குச் செலவே இல்லை, முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

அப்புறம், லைன் முழுவதும் காலியான பிறகு எல்லா மெஷினையும் ஒன்றாக மாற்றாதீர்கள். ஆப் 10-ல் கடைசி பீஸ் முடிந்ததும் செட்டர் அங்கே தொடங்கி, கடைசி பீஸின் பின்னாலேயே நகர வேண்டும். சாஃப்ட் ஜா (பீஸ் அளவுக்குக் கடைந்துகொள்ளும் சக் பிடி) போரிங், டூல் நீளம், போல்ட், அலன் கீ எல்லாம் லைன் ஓடும்போதே தயாராக வேண்டும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* ஒரே லைனில் மூன்று நான்கு மாடல், ஒவ்வொன்றுக்கும் இடைஞ்சல் வேறு மெஷினில், கூடவே எஸ்.பி.எம். (ஒரே வேலைக்கென்று செய்யப்படும் ஸ்பெஷல் பர்பஸ் மெஷின்) ஒன்று வாங்கும் யோசனை என்றால் ஸ்டாப்வாட்ச் கணக்கு போதாது. லைன் சிமுலேஷன் தெரிந்த ஒருவரை, எஸ்.பி.எம்.முக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கூப்பிடுங்கள். அவர் வரும்போது கையில் கொடுக்க வேண்டியவை மூன்று: ஸ்டேஷன் வாரியாகப் பத்து பீஸ் நேரம், மூன்று ஷிஃப்ட் நிறுத்தத் தாள், டேட்டம் தெரியும் டிராயிங். இவை இல்லாவிட்டால் அவர் முதல் இரண்டு நாளும் இதையேதான் எடுப்பார், அதற்கும் சேர்த்து பில் வரும்.